பீலிக்குக் கீழே கிடைத்த பொத்தான்கள்

மூன்று வருடத்துக்கு முன்னால் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். இலங்கை மலையகத்தில், புசல்லாவைப் பக்கம். ஐப்பசி மழை சும்மா விடுமா? லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், பீலி என்றால் நாங்கள் குளித்துத் துவைக்கிற தண்ணீர்க் குழாயடி. பழைய லயத்துப் பீலிக்குக் கீழே இறங்கும் கான் (வடிகால்) அடைத்துக்கொண்டு, தண்ணீர் தம்பி வீட்டு இஸ்தோப்பு, அதாவது திண்ணை, வரைக்கும் ஏறிவிட்டது. அவன் மம்பட்டியோடு இறங்கினான். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால் நான் ஒரு தகரத்துண்டை எடுத்துக்கொண்டு, அவன் வெட்டிப் போட்ட சேற்றை ஓரமாக ஒதுக்கினேன். இலை, சவர்க்கார உறை, அறுந்த செருப்பு வார், ஷாம்பு பாக்கெட். அதற்கு நடுவில் ஒரு பச்சை வட்டம். காசு என்றுதான் முதலில் நினைத்தேன். பீலியில் பிடித்துக் கழுவினால் பின்னால் சின்ன வளையம் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பொத்தான்.

அடுத்து நான் செய்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது. இருபத்தேழு வருடமாகப் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறவள் நான். அந்தப் பொத்தானைக் குசினிக்குக் கொண்டுபோய், குத்துவிளக்கு விளக்குவதுபோலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். களிம்பு போனது. அதோடு விளிம்பில் மினுங்கிக்கொண்டிருந்த மஞ்சளும் போனது. கையில் மிஞ்சியது சொரசொரப்பான, செத்த நிறத்தில் ஒரு பித்தளை வில்லை. பின்பக்கத்தில் வட்டமாக ஓடிய எழுத்தில் 'லண்டன்' மட்டும் தெரிந்தது. மற்ற எழுத்தையெல்லாம் நானே தேய்த்துவிட்டேன்.

அந்த மஞ்சள் தங்கம் என்று பிறகு வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன். 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் பர்மிங்ஹாம் பட்டறைகளில் தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பித்தளைப் பொத்தான்களில் பூசி, சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக விரட்டுவார்கள். (அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகள் பட்ட பாடு தனிக் கதை.) பூச்சில் ஏமாற்று நடந்ததால் 1796இல் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டமே போட்டது: ஓர் அங்குலப் பொத்தான் ஒரு குரோசுக்கு, அதாவது 144க்கு, 5 கிரெயின் (அந்தக் காலத்து ஆங்கில எடை) தங்கமாவது இருக்க வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு பொத்தானுக்கு இரண்டு மில்லிகிராம் சொச்சம். மண்ணில் கிடக்கும்போது உள்ளே இருக்கும் செம்பு அரித்துக் களிம்பாகக் கசிந்து வரும். தங்கப் படலம் அந்தக் களிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். களிம்பைப் புளி கரைத்துவிட்டால் படலத்துக்குப் பிடிமானம் ஏது? அத்தனை வருடம் மண் காத்து வைத்திருந்ததை நான் கால் மணி நேரத்தில் கழுவித் தொட்டியில் ஊற்றினேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஊருக்குப் போகும்போதெல்லாம், முக்கியமாக மழைக்கு மறுநாள், பீலிக்குக் கீழே குனிந்துகொண்டு நடப்பேன். தோண்டுவதில்லை. தண்ணீர் அரித்து வெளியே போட்டதைப் பொறுக்குவதோடு சரி. சேர்ந்ததெல்லாம் ஒரு பழைய ஹோர்லிக்ஸ் போத்தலில் இருக்கிறது. "படிச்ச புள்ள செய்யிற வேலையா இது? குப்பை பொறுக்குறா" என்று அம்மா அடுத்த காம்பராக்காரியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஏன் பீலிக்குக் கீழே? துவைக்கிற கல் அங்கேதானே இருக்கிறது. ஒரு சட்டையைக் கல்லில் அடித்தால் நைந்த நூல் எத்தனை அடி தாங்கும்? அறுந்த பொத்தான் தெறித்துத் தண்ணீரோடு கானுக்குள் போகும். குளிக்கிற இடமும் அதுதான். சவர்க்காரம் போட்ட கையிலிருந்து வளையலும் மோதிரமும் வழுக்கும். கழுத்து மணி அறுந்தால் சிதறிய மணி எல்லாவற்றையும் அந்த வழுக்குப் பாறையில் யார் பொறுக்க முடியும்? கட்டடம் இடிந்து கிடக்கும் இடத்தைவிட, ஆட்கள் தினமும் உடம்பைக் கழுவிய இடம்தான் இந்த மாதிரிச் சின்னப் பொருட்களுக்குக் களஞ்சியம்.

போத்தலில் இருக்கும் பொத்தான்களில் அதிகம் வெள்ளைப் பொத்தான்கள். நான்கு துளை, சுண்டுவிரல் நகத்தளவு. ஒன்றை எடுத்துக் கையில் வைத்துப் பார்ப்போம். முகம் பால்போல மினுங்கும். கண்ணாடி என்றுதான் யாரும் சொல்வார்கள். திருப்பிப் போட்டு, ஃபோன் டோர்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். முதுகு முழுக்கத் தோடம்பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகக் குழி. விரலில் தடவினால் தெரியும். இது கண்ணாடி இல்லை, சுட்ட மண். ரிச்சர்ட் புரொஸ்ஸர் என்ற பர்மிங்ஹாம்காரர் 1840இல் காப்புரிமை வாங்கிய முறை. களிமண்ணைக் குழைக்காமல், கிட்டத்தட்ட உலர்ந்த தூளாகவே அச்சில் போட்டு அழுத்திச் சுடுவது. தூள் சரியாக இளகாத பக்கத்தில்தான் அந்தக் குழிகள். பிறகு பிரான்ஸில் பிரியார் என்ற ஊரில் பாப்டெரோஸ் என்பவர் இதே வித்தையை இன்னும் வேகமான இயந்திரத்தில் ஏற்றி, மலை மலையாக உற்பத்தி செய்தார். விலை மலிந்தது. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் உலகத்தில் எந்த மூலையில் உழைப்பாளி ஒருவன் சட்டை போட்டானோ, அந்த மூலை மண்ணில் இந்தப் பொத்தானைத் தேடலாம். இரும்புப் பொத்தான் துருவாகிவிடும், எலும்புப் பொத்தான் வெடிக்கும், சிப்பிப் பொத்தான் ஏடு ஏடாக உரியும். இது மட்டும் நேற்றுக் கடையில் வாங்கியதுபோல இருக்கும்.

பொத்தான் என்ற சொல்லே நம்முடையது இல்லை, போர்த்துக்கீசருடையது. லயத்தில் நாங்கள் அறையைக் 'காம்பரா' என்கிறோமே, அதுவும் அவர்கள் வழி வந்ததுதான். 'இஸ்தோப்பு' ஒல்லாந்தரிடமிருந்து. யாழ்ப்பாணத்து ஆட்கள் பொத்தானைத் 'தெறி' என்பார்கள், அது நல்ல தமிழ். நாங்கள் லயத்தில் பெரும்பாலும் 'பட்டன்' என்போம். ஆக, ஒல்லாந்தர் இஸ்தோப்பில் உட்கார்ந்து, போர்த்துக்கீசர் காம்பராவிலிருந்து ஊசியை எடுத்துவரச் சொல்லி, இங்கிலீஷ் பட்டனைத் தைக்கிறோம்.

இந்தப் பொத்தான்களை வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் பெருமையாகத்தான் திரிந்தேன். எங்கள் முன்னோர் உடுத்தியதன் சாட்சி என்று பிள்ளைகளுக்குக் காட்டினேன். பத்தாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "டீச்சர், அந்தக் காலத்துப் பொம்பளைங்க சட்டை போட்டாங்களா?"

பிடித்தாள் பாருங்கள்!

இங்கிலாந்தில் வயல்வெளியில் உலோகங்காட்டியோடு நடப்பவர்களுக்கும் தேம்ஸ் நதிச் சேற்றில் குனிபவர்களுக்கும் கிடைக்கும் உடையணிப் பொருட்களின் படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 1997இலிருந்து அங்கே அவற்றைப் பதிந்துவைக்க ஒரு திட்டமே நடக்கிறது. பக்கிள், ஊசி, கொக்கி, வார்முனைத் தகடு, பூண் போட்ட கயிற்று நுனி. அத்தனையும் மாட்டுகிற பொருட்கள். குளிர் நாட்டில் துணியை வெட்டி, தைத்து, உடம்போடு இறுக்கி மாட்ட வேண்டும். மாட்டுவதற்கு உலோகம் வேண்டும், அது மண்ணில் விழுந்தால் நிற்கும்.

என் அப்பாயி கட்டியது புடவை. இடுப்பில் சுற்றி, கொசுவம் வைத்துச் செருகி, முந்தானையை இழுத்து முடிந்தாள். மலைக்குப் போகும்போது அதன்மேல் படங்குச் சாக்கைச் சுற்றி ஒரு கயிற்றால் கட்டினாள். தலையில் துணி, அதன்மேல் கூடைக் கயிறு. காசை முந்தானை நுனியில் முடிந்தாள், வெற்றிலையைச் சுருக்குப்பையில் வைத்து இடுப்பில் செருகினாள். தாத்தாவுக்கு வேட்டி, துண்டு, கம்பளி. தலையிலிருந்து கால்வரை முடிச்சும் செருகலும்தான். ஓர் ஊசிகூடக் கிடையாது. முடிச்சை அவிழ்த்தால் துணி திரும்பவும் வெறும் துணி. துணியை மண் ஐந்து வருடத்தில் தின்றுவிடும்.

அப்படியானால் என் போத்தலில் இருக்கும் பொத்தான்கள் யாருடையவை? பழைய புகைப்படங்களில் பெரிய கங்காணிமார் வேட்டிக்குமேல் கோட் போட்டு, தலைப்பாகை கட்டி, கையில் கம்போடு நிற்பார்கள். அவர்கள் ஒரு சாரார். கணக்கப்பிள்ளைமார், பங்களா வேலைக்காரர், தொரை கழித்துவிட்ட கோட்டைக் குளிருக்குப் போட்டவர்கள் என்று இன்னும் கொஞ்சப் பேர். பிறகு மெல்ல மெல்ல எல்லா ஆண்களும், பையன்களும். ஆக, பொத்தானை எண்ணி ஆளை எண்ணினால் லயத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இருந்ததாகவே தெரியாது. தேயிலைக் கொழுந்து எடுத்த கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். அவர்களுடைய உடையில் மண்ணில் விழ ஒன்றுமே இல்லை.

உடையில் இல்லாவிட்டால் என்ன, உடம்பில் இருந்ததே என்று கண்ணாடி வளையல்களைத் தேட ஆரம்பித்தேன்.

நாற்பது துண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. பச்சை, கருநீலம், மஞ்சள் கோடு போட்ட கறுப்பு, சிவப்பு. ஒரு துண்டு அரிசி இரண்டைச் சேர்த்து வைத்த நீளந்தான். ஓரமெல்லாம் தண்ணீரில் உருண்டு மழுங்கிவிட்டது. வளையல் உடையாத தொழிலா கொழுந்தெடுப்பு? தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிய கட்டையும் முண்டுமாக நிற்கும். கை நாள் முழுக்க அதற்குள்ளேயே போய் வரும். சம்பள நாளில் வளையல்காரர் பெட்டியோடு லயத்துக்கு வருவார். கையைப் பிடித்து, விரல்களை மடக்கி, வலி தெரியாமல் ஏற்றிவிடுவது ஒரு கலை. டஜன் போட்டால் அடுத்த சம்பளத்துக்குள் பாதி மிச்சமிருக்கும். கணவன் செத்தால் மிச்சமும் ஒரே நாளில் உடைபடும்.

ஒரு துண்டு இருந்தால் முழு வளையலின் அளவைக் கண்டுபிடிக்கலாம். கடதாசியில் ஒரே மையத்திலிருந்து, விட்டம் அரை சென்டிமீற்றர் வீதம் கூடும்படி வட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள். துண்டை ஒவ்வொரு வட்டத்தின்மேலும் வைத்து நகர்த்துங்கள். எந்த வளைவோடு ஒட்டி உட்காருகிறதோ அதுதான் அளவு. அகழ்வில் கிடைக்கும் பானை ஓட்டின் வாய் அகலத்தைக் கணக்கிடுவதும் இப்படித்தான். வளையல் கடையில் "ரெண்டு நாலு" என்று கேட்கிறோமே, அது இரண்டு அங்குலமும் பதினாறில் நாலும், அதாவது உள்விட்டம் ஏறத்தாழ 57 மில்லிமீற்றர். வளர்ந்த பெண்ணின் சாதாரண அளவு. என் துண்டுகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அளந்தேன். பெரும்பாலானவை அதைச் சுற்றித்தான் இருந்தன. பச்சை நிறத்தில் மூன்று துண்டுகள் மட்டும் 45 மில்லிமீற்றர் வட்டத்தில் போய் உட்கார்ந்தன. அது சின்னப் பிள்ளையின் கை. அம்மாக்காரி தனக்கு வாங்கும்போது, பக்கத்தில் நின்று அழுத பிள்ளைக்கும் நாலு வளையல் போட்டுவிட்டிருப்பாள்.

ஒரு ஒப்புதல் வாக்குமூலமும் சொல்லிவிடுகிறேன். இந்தத் துண்டுகள் இன்னும் நிறைய இருந்திருக்கும். இல்லாமல் போனதற்கு நாங்களே காரணம். சின்ன வயதில் உடைந்த வளையலைத் தேடிப் பொறுக்கி, குப்பி விளக்குச் சுடரில் காட்டி, இளகும்போது இரண்டு நுனியையும் வளைத்து ஒட்டி, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துச் சங்கிலி செய்வோம். யார் சங்கிலி நீளம் என்று போட்டி. விரல் சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. வருங்கால ஆராய்ச்சியாளர் ஒருவர் கையில் அந்தச் சங்கிலி கிடைத்தால் எங்கள் லயத்தில் விநோதமான ஆபரணம் ஒன்று புழங்கியதாக எழுதப் போகிறார்!

வளையல் துண்டைப் பற்றிப் பேசும்போது அகநானூற்றின் 24ஆம் பாட்டு நினைவுக்கு வராமல் போகாது. சங்கை அரத்தால் அறுத்து வளையல் வளையலாக எடுத்த பிறகு எஞ்சிக் கிடக்கும் நுனிக்கு அந்தப் பாட்டில் பெயர் 'கொழுந்து'. வேண்டாத கழிவு. கொற்கையில் சங்கறுத்த மிச்சங்கள் அகழ்வில் கிடைத்திருக்கின்றன. கொழுந்து என்ற சொல்லைப் பிறந்தது முதல் கேட்டு வளர்ந்தவளுக்கு அதை முதலில் வாசித்தபோது எப்படியிருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

மணிகளைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது, ஏனென்றால் என்னிடம் இருப்பதே பதினொன்று. அதில் ஒன்பது கருகமணி. இரண்டு மில்லிமீற்றர் மணி கண்ணுக்குத் தப்பும், விரலுக்கும் தப்பும். சேற்றை மாவரிப்பில் போட்டுத் தண்ணீர் ஊற்றி அலசினால்தான் நிற்கும். அம்மாவின் மாவரிப்பைக் கேட்டேன், முறைத்தாள். ஆராய்ச்சிக் குழுக்களும் மண்ணைச் சலிக்கிறார்கள். சலிக்காத அகழ்வில் மணியும் கிடைக்காது, அதை அணிந்த பெண்ணும் கிடைக்கமாட்டாள்.

ஆனால் மணிக்கு வேறொரு வழியில் வந்து சேர்ந்தேன். 2023இல், எங்கள் சனம் இந்தியாவிலிருந்து இங்கே வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடைபயணம் போனார்கள். ஆரம்ப காலத்தில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் நடந்த காட்டுப் பாதையை ஒட்டி. கொலராவிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கில் செத்த பாதை. எனக்கு முழங்கால் வலி, முழுக்க நடக்கவில்லை. தம்புள்ளையில் போய்ச் சேர்ந்துகொண்டேன். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் இப்பன்கட்டுவ இருக்கிறது. கற்பலகைகளை நிறுத்திப் பெட்டிபோல அமைத்த ஈமக்காடு, கிறிஸ்துவுக்கு முற்பட்டது. அந்தக் கல்லறைகளில் சூதுபவள மணிகள் கிடைத்தன, சிவந்த கல்லில் துளையிட்டுக் கோத்த மாலைகள். அந்தக் கல் இந்தப் பக்கத்தது இல்லை, இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்தது என்பது ஆய்வாளர்களின் கருத்து. தமிழ்நாட்டில் கொடுமணலில் இதே மணிகளைச் செய்த பட்டறைகளே இருந்திருக்கின்றன. கடல் தாண்டி இந்த வழியாக மலைக்கு வந்ததில் முதலாவது ஆட்கள் நாங்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மணிகள் எங்களுக்கு இரண்டாயிரம் வருடம் மூத்தவை.

சரி, தங்கத்துக்கு வருகிறேன்.

தங்கம் என் போத்தலில் இல்லை. நான் தேய்த்து அழித்த அந்த இரண்டு மில்லிகிராமைத் தவிர. வெள்ளியும் இல்லை. எங்கள் பாட்டிமார் தங்கமும் வெள்ளியும் போடாதவர்களா? பிளேட் அண்ட் கம்பெனி, ஸ்கீன், ஸ்கோவன் என்று அந்தக் காலத்துப் படப்பிடிப்பாளர்கள் எடுத்த படங்களைப் பாருங்கள். கொழுந்துக்காரிகளுக்குக் காதில், மூக்கில், கழுத்தில், கையில், காலில் நகை. ஆனால் வெள்ளி மெட்டி ஒன்று பீலியில் வழுக்கி விழுந்தால் என்ன நடக்கும்? லயமே திரண்டு வந்து தேடும். கானை இறைப்பார்கள், சேற்றைப் பிசைவார்கள். கிடைக்கும்வரை சோறு இல்லை. வெள்ளைப் பொத்தான் விழுந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அதனால்தான் என் போத்தலில் பொத்தான் இருக்கிறது, மெட்டி இல்லை. எங்கள் ஆட்கள் எதைத் தேடவில்லையோ அதுதான் எனக்குக் கிடைத்திருக்கிறது. எதைப் பெரிதாக நினைத்தார்கள் என்று இந்தப் போத்தலை வைத்துச் சொல்லப் போனால் தலைகீழாகத்தான் சொல்லுவேன்.

தேடிக் கண்டுபிடித்த நகையும் நிற்கவில்லை. அது அடகுக் கடைக்குப் போனது, மீளாமல் உருகியது. அப்பாயிக்குத் தண்டட்டி இருந்தது. சின்ன வயதிலேயே காதைத் துளைத்து, ஓலைச் சுருளும் பாரமும் போட்டு வளர்த்து, தோள் தொடுகிற காதாக்கி, அதில் தொங்கவிட்ட கனமான அணி. கனம் என்றால் பார்வைக்குத்தான். உள்ளே அரக்கு, மேலே தங்கத் தகடு. அடகுக்காரர் அதை நிறுக்கும்போது அரக்குக்கென்று எவ்வளவு கழித்தார் என்று அப்பாயி சாகும்வரை சொல்லித் திட்டினாள். 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் போட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, எங்கள் ஆட்களில் 525,000 பேரை இந்தியா ஏற்கும் என்று எழுதினார்கள். அப்பாயியின் தங்கை குடும்பம் அதில் அகப்பட்டுக் கப்பலேறியது. அவர்களை அனுப்பிவைக்கத்தான் தண்டட்டி போனது. பிறகு அப்பாயியின் காது வெறும் தோல் வளையமாகக் கடைசிவரை ஆடிக்கொண்டிருந்தது. நாங்கள் பேரப்பிள்ளைகள் அதற்குள் விரலை விட்டு விளையாடியிருக்கிறோம். முன்கையில் குறத்தி பச்சை குத்திய கோலம் ஒன்றும் இருந்தது. அதை அடகு வைக்க முடியாது. இரண்டும் அவளோடு மண்ணுக்குள் போய்விட்டன.

நியூயோர்க் நகரத்தில் 1991இல் ஒரு கட்டடத்துக்கு அத்திவாரம் போடப் போய், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் பழைய இடுகாட்டைக் கண்டார்கள். அங்கே ஒரு பெண்ணின் இடுப்பைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட மணிகளும் சோழிகளும். இன்னொரு குழியில் ஓர் ஆண். அவன் மேல் கிடந்த பொத்தான்களில் நங்கூரம் பொறித்திருந்தது, கடற்படைக் கோட் பொத்தான். இடுப்பு மணியைப் படித்ததும் எனக்கு அரைஞாண் நினைவு வந்தது. நங்கூரப் பொத்தானைப் படித்ததும் என் லண்டன் பொத்தான். யாரோ ஒருவருடைய கோட், கைமாறிக் கைமாறி, அதை வாங்கவே வழியில்லாத ஓர் உடம்பில் ஏறியிருக்கிறது.

பொத்தானில் எண்ணும் இருக்கும். பிரித்தானியக் காலாட்படை 1767 முதல் படைப்பிரிவின் எண்ணைப் பொத்தானில் பொறித்தது. சிப்பாய்க்கு ஈயக்கலவைப் பொத்தான், அதிகாரிக்குப் பொன் பூசியது அல்லது வெள்ளி. 1855இல் சிப்பாயின் ஈயம் பித்தளையானது. 1871இல் அவர்களுக்கு எண்ணும் போய், எல்லோருக்கும் ஒரே அரச முத்திரை. ஆகவே கண்டி மலைகளில் எங்கேனும் 19 என்றோ 73 என்றோ பொறித்த ஈயப் பொத்தான் கிடைத்தால் அது எந்தக் காலத்துச் சண்டை என்று ஓரளவு சொல்லிவிடலாம். 19ஆம் படைப்பிரிவு 1803இல் கண்டியில் சிக்கிச் சின்னாபின்னமானது. 73ஆம் படைப்பிரிவு 1814இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து அடுத்த வருடம் கண்டியைப் பிடித்ததிலும், 1818 ஊவாக் கிளர்ச்சியை அடக்கியதிலும் இருந்தது. என்னிடம் அப்படி எதுவும் இல்லை. இருந்தாலும் தொல்பொருள் திணைக்களத்திடம்தான் கொடுக்க வேண்டும். ஸ்கேனர் வைத்துக்கொண்டு இரவில் புதையல் தோண்டப் போய் மாட்டியவர்களின் படம் மாதம் ஒருமுறையாவது பேப்பரில் வருகிறதே.

அந்தச் சட்டத்தை ஒருமுறை எடுத்து வாசித்தேன். 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம். தொல்பொருள் என்றால் 1815 மார்ச் 2க்கு முற்பட்டதாக இருக்க வேண்டும் என்று அதில் வரையறை. கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள். கோப்பித் தோட்டம் அதற்குப் பிந்தியது, நாங்களும் அதற்குப் பிந்தியவர்கள். கோடு போட்டவர்கள் எங்களை மனதில் வைத்துப் போட்டிருக்கமாட்டார்கள். இருந்தாலும் எங்கள் மொத்தச் சரித்திரமும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் விழுந்திருக்கிறது. மொரீசியஸில் கூலிகள் இறங்கிய 'ஆப்ரவாசி காட்' என்ற துறையில் அகழ்வு நடந்தது, 2006இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்த்தார்கள். இங்கே லயத்துக் கானில் குனிவது நானும் கோழிகளும்.

எண் பொறித்த இன்னொரு பொருளைப் பற்றி எழுதத்தான் இதைத் தொடங்கினேன். சுற்றிச் சுற்றி இப்போதுதான் வந்து சேர்கிறேன்.

1900களின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவர ஒரு முறை வந்தது. டின் டிக்கட் என்பார்கள். சின்ன உலோக வில்லை, மேலே துளை. தோட்டப் பகுதிக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். கங்காணி இந்தியாவில் ஆள் பிடித்ததும் அதைக் கழுத்தில் கட்டி அனுப்புவார். வழியில் கப்பல், சாப்பாடு, ரயில் எல்லாவற்றின் செலவும் அந்த எண்ணைப் பார்த்துத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். எந்த ஸ்டேஷனில் இறக்கிவிட வேண்டும் என்பதும் வில்லையைப் பார்த்தால் தெரியும், ஆளிடம் கேட்க வேண்டியதில்லை. நான் நேரில் பார்த்தது ஒன்றே ஒன்று. கண்டியில் நாணயம் சேர்க்கும் ஒருவரின் ஆல்பத்தில், பழைய சதக் காசுகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள். கேட்டதும் எடுத்துக் கையில் கொடுத்தார்.

இத்தனை நாள் பொத்தானும் வளையலும் பார்த்துப் பழகியதில் கண் தானாகத் துளைக்குத்தான் போனது. துளையின் விளிம்பு கூராக, அச்சு வெட்டியபடியே இருந்தது. கயிறு உரசிய தடம் இல்லை. சில நாள் கழுத்தில் கிடந்துவிட்டு, தோட்டத்தில் போய்ச் சேர்ந்ததும் கழன்ற வில்லை.

வீட்டில் ஒரு தாயத்து இருக்கிறது. அப்பாயியின் அப்பாவுடையது. அவர் கைப்பிள்ளையாகக் கடல் தாண்டி வந்தவர். அரைஞாண் கயிற்றில் கோத்துப்போட்ட செம்புக் குழல், உள்ளே மந்திரித்த தகடு, இரண்டு பக்கமும் கயிறு கோக்கும் காது. டிக்கட்டைப் பார்த்துவிட்டு வந்த இரவு அதை எடுத்து விளக்குக்கு அடியில் வைத்தேன். ஒரு காது கடதாசிபோல மெலிந்து, ஒரு பக்கம் அறுந்தே போயிருந்தது. அறுந்த இடத்தில் யாரோ செம்புக் கம்பியைச் சுற்றி ஒட்டவைத்திருக்கிறார்கள். அந்தக் கம்பியும் பாதி தேய்ந்திருந்தது. குழலின் உடம்புப் பக்கம் தோலில் உரசி உரசி வழுவழுப்பாகியிருந்தது, வெளிப்பக்கத்துக் கோலம் மட்டும் விரலில் தட்டியது. அவர் எழுபது வயது தாண்டி இருந்தாராம். கயிறு அறுந்து அறுந்து எத்தனை முறை மாற்றினார்களோ. கழற்றியது எரிப்பதற்கு முன்னால்தான் என்று அம்மா சொன்னாள்.

அதைப் புளி போட்டு விளக்கவில்லை. பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன்.

போன மாதம் ஊருக்குப் போனபோது போத்தலைக் கொட்டி எண்ணினேன். வெள்ளைப் பொத்தான் எட்டு இருக்க வேண்டும், ஏழுதான் இருந்தது. தலையணைக்கு அடியில், பாய்க்கு அடியில், எல்லாவிடமும் தேடினேன். மூத்த மருமகன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்றான். வெள்ளைச் சட்டையில் மேலிருந்து மூன்றாவது பொத்தான் மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் மினுங்கியது. கிட்டே போய்ச் சட்டையைத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் தோடம்பழக் குழிகள்.

"அம்மா, இது என்ன வேலை?"

"பட்டன் இல்லாமத்தானே நின்னான் புள்ள" என்றாள் அம்மா. ஊசியை நூல்கண்டில் குத்தி வைத்துக்கொண்டே, "நல்ல பட்டன். இப்ப வாற பட்டன் எல்லாம் ரெண்டு தரம் துவைச்சா உடைஞ்சு போகுது."